அந்தப் பூச்சியம் ஏன் வந்தது?

34ஐ 26ஆல் பெருக்கினால் 272 வரும் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்.

எங்கட ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சின்னப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். காசுக்கில்லை. ரியூசனுக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் கூடுதலாக வருவார்கள். தரம் 4 தொடக்கம் 6 வரை ஒரு பதினைந்து பேர். அவர்களில் ஒருத்தியின் கொப்பியில்தான் இந்த 272.

ஒவ்வொரு படியாகப் பார்த்தோம். 34ஐ 6ஆல் பெருக்கினால் 204. சரி. 34ஐ 2ஆல் பெருக்கினால் 68. அதுவும் சரி. 204க்குக் கீழே 68ஐ நேராக வைத்து எழுதிக் கூட்டியிருந்தாள். 272. கூட்டலும் சரி. எல்லாமே சரி, விடை மட்டும் பிழை. எங்களில் ஒருவர் வழக்கம்போலச் சொன்னார்: "ரெண்டாவது வரியில பூச்சியம் போட மறந்திட்டாய்." அவள் அழித்துவிட்டுப் பூச்சியத்தைப் போட்டாள். 884 வந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "ஏனக்கா அதில பூச்சியம் போடுறது?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லாரும் உயர்தரம் முடித்தவர்கள். ஒருவர் கணிதப்பிரிவு வேறு. கடைசியில் சொன்ன பதில் இதுதான்: "பத்தினிடத்தால பெருக்கேக்க ஒரு இடம் தள்ளித்தான் எழுத வேணும்." இது பதிலே இல்லை. பூச்சியம் போடு என்ற அதே கட்டளையை வேறு சொற்களில் திருப்பிச் சொன்னோம், அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டினாள். விளங்கிய தலையாட்டல் இல்லை அது. இனிக் கேட்டுப் பிரயோசனமில்லை என்று ஒரு பிள்ளை முடிவெடுக்கிற தலையாட்டல். எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். நாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் ஆட்டினோம். அந்த இடத்தில் எங்களைப் பூச்சியம் போடச் சொன்னவர்களும் உண்டு, புள்ளடி போடச் சொன்னவர்களும் உண்டு. ஏனென்று சொன்னவர் ஒருவரும் ஞாபகத்தில் இல்லை.

அடுத்த கிழமை அவள் திரும்பவும் பூச்சியத்தை மறந்தாள். மறக்கத்தானே செய்வாள்? காரணம் தெரியாத ஒன்றை எவ்வளவு நாளைக்கு ஞாபகம் வைத்திருக்கலாம்?

அவளுடைய அம்மா வீட்டோடு சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறா. பின்னேரங்களில் இவளும் கடையில் நிற்பாள். இது தெரிந்த ஒருவர் கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "முட்டை ஒண்டு 34 ரூபா எண்டால் 26 முட்டை எவ்வளவு?" அவள் பென்சிலைத் தொடவே இல்லை. "பத்து முட்டை 340. இருபது 680. அஞ்சு முட்டை 170, அப்ப 850. இன்னும் ஒண்டு 34. 884 ரூபா."

பிறகு அவளுடைய 272ஐக் காட்டி, "26 முட்டைக்கு இவ்வளவு காசு தந்தால் அம்மா விடுவாவோ?" என்று கேட்டோம். சிரித்தாள். "பத்து முட்டைக்கே 340 வருமெல்லோ!"

கொப்பியில் இருந்தபோது அந்த 272 அவளுக்கு ஒரு சந்தேகத்தையும் தரவில்லை. கடைக்கு வந்ததும் சிரிப்பாக இருந்தது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் பாதை போடுவதுதான் பெருக்கல் படிப்பிப்பவரின் வேலை என்று நாங்கள் நினைக்கிறோம். அந்த வேலை எங்கட வகுப்பறைகளில் பெரும்பாலும் நடப்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

இது எங்கட ஊர்க் கதை மட்டுமில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளோடு தெரேசினா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த வேலை 1985இல் வெளிவந்தது. முதலில் வாடிக்கையாளர் மாதிரிப் போய்ச் சாமான் வாங்கிக் கணக்குக் கேட்டார்கள். பிறகு அதே மாதிரியான கணக்குகளைப் பள்ளிக்கூடத்துப் பாணியில் பேப்பரும் பென்சிலும் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். தெருவில் 100க்கு 98 சரி. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 100க்கு 37தான் சரி. பிள்ளை அதே பிள்ளை, மூளையும் அதே மூளை.

அந்த ஆய்வில் 12 வயதுப் பெடியன் ஒருவன் வருகிறான். தேங்காய் ஒன்று 35 குருசேரோ, பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்கிறார்கள். 35க்குப் பின்னால் ஒரு பூச்சியம் போட்டால் முடிந்தது என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது? அவன் அப்படிச் செய்யவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இப்படியே ஏறி ஒன்பதுக்கு 315, இன்னும் ஒன்றுக்கு 350 என்று வந்து நின்றான். பூச்சியம் போடுகிற விதியை அவன் நம்பவில்லை. தேங்காயை நம்பினான்.

முட்டைக்காரப் பிள்ளையும் தேங்காய்க்காரப் பெடியனும் செய்தது ஒரே வேலைதான். பெரிய எண்ணைத் தங்களால் கையாளக்கூடிய துண்டுகளாக உடைத்து, துண்டு துண்டாகப் பெருக்கி, பிறகு சேர்த்தார்கள். இதைத் தெருக்கணக்கு என்று தள்ளிவைக்க ஏலாது. 1150ஆம் ஆண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் 135ஐ 12ஆல் பெருக்கச் சொல்லி ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு ஒரு வழியோடு அவர் நிற்கவில்லை. 12ஐ 8, 4 என்று பிரித்துத் தனித்தனியே பெருக்கிக் கூட்டலாம். 3ஆல் பெருக்கி, வந்ததை 4ஆல் பெருக்கலாம். 10ஆலும் 2ஆலும் பெருக்கிக் கூட்டலாம். 20ஆல் பெருக்கி, 8ஆல் பெருக்கியதைக் கழிக்கவும் செய்யலாம். எப்படிப் போனாலும் 1620தான். எண்ணை உனக்கு வசதியான மாதிரி உடை, ஆனால் உடைத்த ஒரு துண்டையும் தொலைத்துவிடாதே. எண்ணூறு வருசத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கிற இந்த விசயத்தைக் கடைக்காரரின் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நாங்கள் அதைக் கவனிக்காமல் பூச்சியம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்ப அந்தப் பூச்சியத்துக்கு வருவோம். 26இல் இருக்கிற 2 உண்மையில் 2 இல்லை, 20. ஆகவே 34ஐ 2ஆல் பெருக்கி வந்த 68உம் வெறும் 68 இல்லை. 68 பத்துகள், அதாவது 680. இருபது முட்டையின் விலை. பூச்சியம் என்பது இடத்தை நிரப்ப வைத்த அடையாளம் இல்லை, அந்த வரியின் உண்மையான பெறுமதியில் ஒரு பகுதி. அதைப் போடாமல் விட்டால் இருபது முட்டையை வித்துப்போட்டு இரண்டு முட்டைக்கான காசை வாங்கின மாதிரி. இவ்வளவுதான் விசயம். அன்றைக்கு அந்தப் பிள்ளை கேட்டபோது நாங்கள் சொல்லியிருக்க வேண்டியதும் இவ்வளவுதான்.

எங்களுக்கு ஏன் சொல்ல வரவில்லை என்று யோசித்தபோது லிப்பிங் மா என்பவரின் ஆய்வு ஞாபகம் வந்தது. சீனாவில் கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஷங்காயிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே ஆசிரியரானவர், பிறகு அமெரிக்கா போய் ஆய்வு செய்தவர். 1999இல் வந்த அவருடைய புத்தகத்தில், அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கேட்ட கேள்விகளில் ஒன்று எங்கட 272இன் பெரிய அண்ணன் மாதிரி. 123ஐ 645ஆல் பெருக்கும்போது பிள்ளைகள் 615, 492, 738 என்ற மூன்று வரிகளையும் தள்ளி எழுதாமல் நேராக எழுதிக் கூட்டி 1845 என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலானோர் இதை நேராக அடுக்கி எழுதத் தெரியாத பிரச்சினையாகப் பார்த்தார்கள். கோடு போட்ட தாள் கொடுக்கலாம், இடத்தைப் பிடித்துவைக்க ஏதாவது அடையாளம் போடச் சொல்லலாம் என்றார்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலானோர் 492 என்பது 492 பத்துகள், 738 என்பது 738 நூறுகள் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை என்பதைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் 615, 4920, 73800. கூட்டினால் 79335. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்தச் சீன ஆசிரியர்கள் அமெரிக்க ஆசிரியர்களைவிடக் குறைந்த வருசங்களே படித்தவர்கள். ஆகவே இது பட்டத்தின் பிரச்சினை இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கை எவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறோம் என்பதன் பிரச்சினை. கணிதப்பிரிவில் படித்த எங்கட ஆள் தடுமாறியதற்கும் காரணம் இதுதான்.

சரி, காரணம் விளங்கிவிட்டது, இனி நல்லாப் படிப்பிப்போம் என்று உசாராக இறங்கினோம். முதல் தடவை சறுக்கினோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இணையத்தில் பெட்டி முறை என்று ஒன்று பார்த்திருந்தோம். ஒரு பெட்டி கீறி, மேலே 30, 4 என்றும் பக்கத்தில் 20, 6 என்றும் எழுதி, நாலு கட்டங்களையும் நிரப்பிக் கூட்டுவது. அழகான முறை. பிள்ளைகள் கெதியாகப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கும் சந்தோசம். மூன்றாவது கிழமை ஒரு பெடியன் கேட்டான்: "அண்ணா, இந்தக் கணக்குக்கு எத்தினை பெட்டி கீற வேணும்?" எங்களுக்குச் சுருக்கென்றது. பூச்சியச் சடங்கை எடுத்துவிட்டுப் பெட்டிச் சடங்கை வைத்திருக்கிறோம்! ஏன் பெட்டி என்று அவனுக்கும் தெரியாது. எந்த நல்ல முறையையும் காரணம் இல்லாமல் கொடுத்தால் அது இன்னொரு விதியாகத்தான் போய்ச் சேரும்.

பிறகுதான் பெட்டியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனோம். கன பிள்ளைகளின் வீட்டில் தோட்டம் இருக்கிறது. "26 வரிசை மிளகாய்க்கன்று, வரிசைக்கு 34 கன்று. மொத்தம் எத்தனை கன்று எண்டு எப்பிடி எண்ணுவியள்?" வாசிகசாலை முற்றத்து மணலில் தடியால் கீறினோம். ஒவ்வொரு வரிசையிலும் 30 கன்று முடிகிற இடத்தில் ஒரு கயிறு. 20 வரிசை முடிகிற இடத்தில் குறுக்கே இன்னொரு கயிறு. தோட்டம் நாலு துண்டாகிவிட்டது. பெரிய துண்டில் 30 கன்று, 20 வரிசை: 600. அதற்குப் பக்கத்தில் 4 கன்று, 20 வரிசை: 80. கீழே 30 கன்று, 6 வரிசை: 180. மூலையில் 4 கன்று, 6 வரிசை: 24. எல்லாம் சேர்த்து 884.

இங்கேதான் முக்கியமான வேலை. மேலே இருக்கிற இரண்டு துண்டையும் கூட்டச் சொன்னோம். 680. கீழே இருக்கிற இரண்டையும் கூட்டச் சொன்னோம். 204. பிறகு பள்ளிக்கூடக் கொப்பியைத் திறந்து, ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிச் செய்த அதே கணக்கைப் பக்கத்தில் வைத்தோம். அதே 204. அதே 680. கொப்பியின் இரண்டு வரிகளும் தோட்டத்தின் இரண்டு பாதிகள். அன்றைக்குப் பூச்சியத்தைப் பற்றிக் கேட்ட பிள்ளை கொஞ்ச நேரம் மணலையும் கொப்பியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப இதில பூச்சியம் போடாட்டி மேல் தோட்டத்தில கன கன்று காணாமல் போயிடும், என்ன?" என்றாள். 612 கன்று காணாமல் போயிருக்கும். கழித்துப் பார்த்து அதையும் அவளே சொன்னாள்.

இதற்குப் பிறகு பிரச்சினை இல்லாமல் போகவில்லை. தோட்டம் கீறிச் செய்த ஒரு பிள்ளையின் கணக்குக்குப் பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனையால் புள்ளடி விழுந்திருந்தது. விடை சரி, முறை பிழையாம். அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் அம்மா வந்தா. "தம்பி, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்யிறியள். ஆனா பள்ளிக்கூடத்தில ஒரு மாதிரி, நீங்கள் ஒரு மாதிரிச் சொல்லிக்குடுத்துப் பிள்ளையைக் குழப்பாதேங்கோ. ஸ்கொலஷிப் வருது." அவா கோபமாகச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னா. அந்தப் பயத்தை நாங்கள் சும்மா தள்ளிவிட ஏலாது.

ஏனென்றால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உண்மையாகவே ஒரு கதவு. இலவசக் கல்வியின் தொடர்ச்சியாக, வசதியில்லாத பிள்ளைக்கும் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டும் என்றுதான் அது வந்தது. இன்றைக்கு அதே பரீட்சை பத்து வயதுப் பிள்ளையை விடிய எழுப்பி ரியூசனுக்கு அனுப்புகிற ஒன்றாக மாறியிருக்கிறது. படிப்பிக்கிற ரீச்சர்மாரும் அதே அவசரத்துக்குள்தான் நிற்கிறார்கள். ஒரு வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், ஒவ்வொரு தவணையும் புள்ளிகளைக் கேட்கிற பெற்றார். "ஏன்" என்ற கேள்விக்கு நிற்க நேரமில்லை என்று அவர்கள் சொன்னால் அது சாட்டு இல்லை. ஆகவே ரீச்சர்மாரைத் திட்டுவதற்காக நாங்கள் இதை எழுதவில்லை.

ஆனால் நேரக் கணக்கை நாங்கள் இன்னொரு மாதிரியும் பார்க்கிறோம். பூச்சியம் போடு என்று சொல்ல ஒரு நிமிசம் போதும். ஆனால் அதை ஒவ்வொரு கிழமையும், ஒவ்வொரு தவணையும், ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டம் கீற இரண்டு பின்னேரம் போனது. அதற்குப் பிறகு கன பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்ல வேண்டி வரவில்லை. மூன்று இலக்க எண் வந்தபோதும் புதிதாக ஒரு விதி சொல்லத் தேவைப்படவில்லை. "நூறுக்கும் ஒரு கயிறு கட்ட வேணும்" என்று அவர்களே சொன்னார்கள்.

எங்களைப் பிழையாக விளங்கிக்கொள்ளவும் வேண்டாம். வாய்பாடு பாடமாக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆறு நாலு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணுகிற பிள்ளைக்குத் தோட்டத்தின் மூலைத்துண்டிலேயே களைத்துப்போகும். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடியைப் பாடமாக்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்குகிற முறையும் வேண்டும். நாலு துண்டுக் கணக்கை இரண்டு வரியில் சுருக்குகிற கெட்டித்தனமான முறை அது. எண்கள் பெரிதாகப் பெரிதாக முட்டைக் கணக்கு நீண்டு, ஒரு துண்டு எங்கேயாவது தவறிவிடும். அப்போது இந்த முறைதான் கைகொடுக்கும். நாங்கள் கேட்பது ஒழுங்கை மாற்றச் சொல்லித்தான். எது சுருக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு சுருக்கத்தைக் கொடுங்கள். பரீட்சையில் அந்த முறையிலேயே எழுதட்டும். அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னோம். அடுத்த சனிக்கிழமையும் பிள்ளையை அனுப்பினா.

போனில் கல்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று எங்கட நண்பர்களே கேட்கிறார்கள். கல்குலேட்டரில் ஒரு எண்ணை மாறி அமத்தினால் அதுவும் 272 மாதிரி ஒரு விடையைத்தான் காட்டும். அது பிழை என்று கண்டுபிடிப்பது யார்? பத்து முட்டைக்கே 340 வருமே என்று யோசிக்கிற ஆள்தான்.

இதை வாசிக்கிற நீங்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆட்கள்தான். கம்பஸில் படித்துக்கொண்டோ, வேலை தேடிக்கொண்டோ இருப்பீர்கள். வீட்டில் ஒரு தம்பியோ தங்கச்சியோ பெறாமகளோ பெருக்கல் கணக்கோடு வந்து பக்கத்தில் இருக்கும். பின்னேரங்களில் ரியூசன் கொடுப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். அடுத்த முறை அந்தக் கொப்பி உங்கள் கைக்கு வரும்போது இவ்வளவையும் செய்து பாருங்கள். கணக்கைத் தொடங்க முதல், விடை குத்துமதிப்பாக எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பிள்ளை தனக்குத் தெரிந்த மாதிரி உடைத்துச் செய்ய விடுங்கள். பிழை வந்தால் உடனே திருத்தாமல், "இது எப்பிடி வந்தது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். எங்களுக்கு இந்தக் கடைசி வேலைதான் ஆகக் கஷ்டமாக இருந்தது.

ஏனென்றால் பத்து வயதில் ஒரு பிள்ளை பூச்சியத்தை மறப்பதால் உலகம் அழிந்துவிடாது. ஆனால் காரணம் தெரியாத விதிகளை மறந்து மறந்து, ஒவ்வொரு முறையும் புள்ளடி வாங்கி, "எனக்குக் கணக்கு வராது" என்று அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடும். எங்களில் இரண்டு பேர் அந்த வயதில் அப்படி ஒரு முடிவுக்கு வந்தவர்கள்தான். உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுப்பது என்று நினைத்தபோதும் அந்த முடிவுதான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றது.

முட்டைக்காரப் பிள்ளை இப்போதும் இடைக்கிடை பூச்சியத்தை மறக்கிறாள். போன சனிக்கிழமையும் மறந்தாள். 47ஐ 32ஆல் பெருக்கி 235 என்று எழுதிவிட்டு, எங்களிடம் நீட்டப் போனவள் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். விடையைப் பார்த்து, "இது காணாது" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு இரண்டாவது வரிக்குப் போய் அழிக்கத் தொடங்கினாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.